முதுகில் 11 கிலோ

"அண்ணாச்சி, இந்தப் பையைக் கொஞ்சம் தராசுல வச்சுப் பாக்கட்டா?"

பாளையங்கோட்டையில் காலையில் காய்கறிக் கடையில் நின்றபோது ஒரு பையன் வந்து கேட்டான். ராணுவத்துக்குத் தயாராகிறவன். பள்ளிக்கூடப் பை நிறைய மணல்.

தராசு 11ஐத் தாண்டியதும் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பை வார் உரசி உரசித் தோளில் தோல் உரிந்து சிவந்திருந்தது, அதன்மேல் பழைய துண்டை மடித்து வைத்துப் பையை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினான்.

நார்வே ராணுவத்தில் 1915 முதல் நடக்கும் நடைச் சோதனையிலும் இதே 11 கிலோதான். 30 கிலோமீட்டர். இளவயது ஆண்களுக்கு நாலரை மணி நேரம். நம்மூர்க் கணக்கில் பாளையங்கோட்டையில் புறப்பட்டுச் சேரன்மகாதேவியையும் தாண்டிவிட வேண்டும்!

எனக்கு அதில் பிடித்ததே, முதல் ஆளுக்கு மட்டும் என்று இல்லாமல் நேரத்துக்குள் வந்த எல்லோருக்கும் பேட்ஜ் உண்டு என்பதுதான். நெதர்லாந்தில் 1909இல் தொடங்கி இப்போது நைமேகன் நகரில் நடக்கும் நடையும் அப்படித்தான், சிப்பாய்கள் 10 கிலோ சுமையோடு தினம் 40 கிலோமீட்டர் என்று நான்கு நாள் நடக்கிறார்கள், முடித்தவருக்கெல்லாம் சிலுவைப் பதக்கம்.

இங்கே ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். சில நொடி பிந்தினால் அவ்வளவு நாள் பட்ட பாட்டுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனசு தாங்கவில்லை.

நாமே ஒரு நடை வைத்தால் என்ன? மார்கழியில், வெயில் ஏறுமுன், சேரன்மகாதேவி வரை. முடிக்கிற எல்லோருக்கும் ஒரு பேட்ஜ்.

யாராவது முன்னால் நின்று நடத்துங்கள், வழியில் தண்ணீரும் மோரும் என் பொறுப்பு.