காமராசர் பகுதி: மதிப்பெண் நழுவும் இடங்கள்

குரூப் 4, குரூப் 2 எழுதுபவர்கள் பலர் காமராசர் என்றதும் மதிய உணவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது எல்லோரும் போட்டுவிடும் கேள்வி. மதிப்பெண் நழுவுவது எந்த ஆண்டு, எந்தத் தொகுதி, எந்த அவை என்பதில்தான்.

ஒரு வெள்ளைத்தாளைக் குறுக்கே வைத்து ஆண்டு, பதவி, தொகுதி, அவை என நாலு கட்டம் போடுங்கள். 1952 ஸ்ரீவில்லிபுத்தூர், மக்களவை. 1954 ஏப்ரல் 13 முதலமைச்சர். அன்று அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. அரசியலமைப்புப் பாடத்தையும் இங்கேயே சேர்த்துப் படித்துவிடுங்கள்: பிரிவு 164(4)ன்படி ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகியாக வேண்டும். சட்ட மேலவை வழியாக வந்திருக்கலாம், ராஜாஜி அப்படித்தான் இருந்தார். இவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். 1957லும் 1962லும் சாத்தூர். 1967ல் விருதுநகரில் தோல்வி. 1969 நாகர்கோவில் இடைத்தேர்தல், மறுபடி மக்களவை. சாத்தூரும் விருதுநகரும் இடம் மாறினால் ‘பொருத்துக’ கேள்வி போச்சு.

கூற்று–காரணம் கேள்விக்கு ஏற்ற இடம் அமைச்சரவை. காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராசர் அமைச்சராக்கினார். மொத்தம் எட்டே பேர்.

அக்டோபர் 2 ஒரு பொறி. 1963ல் பதவி விலகியதும் அந்த நாள், 1975ல் மறைந்ததும் அந்த நாள். காந்தி பிறந்த நாளும் சேர்ந்துகொள்வதால் ஆண்டைப் பார்க்காமல் வட்டத்தைக் கருப்பாக்கிவிடுவார்கள்.

பாம்பன், மண்டபம் பிள்ளைகளே தடுமாறும் கேள்வி ஒன்று உண்டு: 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது முதலமைச்சர் யார்? பக்தவத்சலம். வீட்டில் பெரியவர்கள் “காமராசர் காலத்துப் புயல்” என்பார்கள். அது தப்பில்லை, அவர் அப்போது காங்கிரஸ் தலைவர். விடைத்தாளில் மட்டும் செல்லாது. அதேபோல, பிறந்த மாவட்டம் ராமநாதபுரம் என்று பழைய புத்தகத்தில் இருந்தால் அடித்துத் திருத்தாதீர்கள். 1985 வரை விருதுநகர் நம் மாவட்டத்தில்தான் இருந்தது.

படகு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தோதானது. பகலில் வலைவேலையும் படகு மராமத்தும் இருக்கும். ராத்திரி ஒரு மணி நேரம், ஆண்டு மட்டும் தெரிகிற மாதிரி மற்ற மூன்று கட்டத்தையும் மறைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். தப்பான வரியை மட்டும் மறுநாள் மூன்று தடவை எழுதினால் போதும். முழுத்தாளையும் திரும்ப எழுதுவது வெட்டி வேலை.