ராஜியான பிறகும் முடியாத வழக்கு: உயர் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்ட அனுபவம்

பங்காளிகளான எங்கள் இரு குடும்பங்களுக்கும் இடையே, கிணற்றுக்குப் போகும் வண்டிப் பாதையை முன்னிட்டு 2022ஆம் ஆண்டு நடந்த கைகலப்பு, ஒரே காவல் நிலையத்தில் வழக்காகவும் எதிர்வழக்காகவும் பதிவானது. சித்தப்பா கொடுத்த புகாரில் அப்பாவும் அண்ணனும் நானும் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள். அப்பா கொடுத்த புகாரில் சித்தப்பாவின் மகன்கள் இருவரும் எதிரிகள். பாதைத் தகராறு பின்னர் முறையாகவே தீர்ந்தது. சர்வேயர் அளந்து கல் நட்டார். பாதை உரிமையை இரு தரப்பும் எழுதிப் பத்திரப் பதிவும் செய்துகொண்டோம். அடுத்து வந்த காதுகுத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆனால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகளும் வாய்தாவுக்கு வாய்தா நகர்ந்துகொண்டே இருந்தன. வர இயலாத நாளில், நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கும் 317 மனு போடாவிட்டால் பிடியாணை வரும் என்ற நிலையும் மாறவில்லை. அந்த வழக்குகளை எப்படி முடித்துக்கொண்டோம் என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

புகார் கொடுத்தவரே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் வழக்கு முடிந்துவிடும் என்று ஊரில் பலரும் சொல்வார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகிக் குற்றப்பத்திரிகையும் தாக்கலான பிறகு அது புகார்தாரரின் வழக்கு அல்ல, அரசின் வழக்கு. புகார்தாரர் அதில் ஒரு சாட்சி மட்டுமே. எந்தெந்தக் குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம் என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆவது பிரிவு ஒரு பட்டியலாகத் தருகிறது; 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 359ஆவது பிரிவு. எங்கள் மீதிருந்த இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளில் சாதாரணக் காயத்துக்கான 323 அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்தல் எனும் 324 இல்லை; பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுதல் எனும் 294(பி)யும் இல்லை. எங்கள் வழக்கில் ஆயுதம் என்று காட்டப்பட்டது ஒரு மண்வெட்டிக் காம்பு.

இந்தப் பட்டியலின் விசித்திரத்தை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. எலும்பு முறியும் அளவுக்கான கொடுங்காயத்தைக் குறிக்கும் 325ஆவது பிரிவுக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனாலும் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அதைக் கீழமை நீதிமன்றத்திலேயே ராஜி செய்துகொள்ளலாம். அதிகபட்சம் மூன்று மாதத் தண்டனையே உள்ள 294(பி)யை அங்கே ராஜி செய்துகொள்ள வழியில்லை. தமிழ்நாட்டில் அடிதடி வழக்கு என்றால் 294(பி) சேராத முதல் தகவல் அறிக்கையைப் பார்ப்பது அரிதாக இருந்தது. ஆக, எவ்வளவு சிறிய சண்டையாக இருந்தாலும் முழுமையாக ராஜி செய்துகொள்ள உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதாகிறது.

மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாமே என்று எங்களுக்கும் ஒருவர் யோசனை சொன்னார். சமரசத்துக்குரியதல்லாத குற்றங்களில் லோக் அதாலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டமே கூறுகிறது என்பதால், அந்த வழி அங்கேயே அடைபட்டது.

மிஞ்சியது இரண்டு வழிகள். ஒன்று, எல்லோரும் எளிதாகச் சொல்லும் வழி: வழக்கைச் சாட்சி விசாரணை வரை போகவிட்டு, சாட்சிகள் பிறழ் சாட்சியாக மாறிவிடுவது. 'யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை' என்று சித்தப்பா கூண்டில் நின்று சொல்ல வேண்டும். அப்பாவும் எதிர்வழக்கில் அதையே சொல்ல வேண்டும். செலவு குறைவு, உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது தனிக் குற்றம். அதைவிட எங்களுக்கு உறுத்தியது வேறொன்று. சித்தப்பாவின் இளைய மகன் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்று தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் விளக்கம் இருக்கிறது. பொய் சொல்லிப் பெறும் விடுதலை அவனுக்கு உதவப்போவதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லி, நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்பதை மட்டும் காரணமாக வைத்து முடிக்கும் வழிதான் நேரான வழி என்று இரு வீட்டாரும் முடிவு செய்தோம்.

அந்த இரண்டாவது வழி, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தின்கீழ் வழக்கை ரத்து செய்யக் கோருவது. பழைய சட்டத்தில் 482, புதிய சட்டத்தில் 528. சம்பவம் 2022இல் நடந்ததால் குற்றப் பிரிவுகள் இந்திய தண்டனைச் சட்டத்தின்படியே நின்றன. மனு 2024 ஜூலைக்குப் பிறகு போட்டதால் 528இன் கீழ் தாக்கலானது. சமரசத்துக்குரிய பட்டியலில் இல்லாத குற்றத்தையும் இந்த அதிகாரத்தின்கீழ் ரத்து செய்யலாமா என்ற ஐயத்தை, 2012இல் கியான் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. 320 வேறு, உள்ளார்ந்த அதிகாரம் வேறு. ஆனால் கொலை, வன்புணர்வு, கொள்ளை போன்ற கொடிய குற்றங்களும், அரசு ஊழியர் பதவியில் இருந்துகொண்டு செய்த ஊழல் குற்றங்களும் இருவருக்கிடையிலான விவகாரங்கள் அல்ல, அவற்றில் சமரசம் செல்லாது என்பது அதன் சாரம். குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, கொடுக்கல் வாங்கல் போன்ற தனிப்பட்ட தன்மை மேலோங்கிய வழக்குகளையே ரத்து செய்யலாம் என்று அது கோடு கிழித்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை மீண்டும் அழுத்தமாக வரைந்தது: மாணவியிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக ஆசிரியர் ஒருவர் மீது இருந்த போக்சோ வழக்கை, சிறுமியின் தந்தையோடு ஏற்பட்ட சமரசத்தை ஏற்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது, அந்த ஆணையை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. நீதிமன்றம் எடைபோடுவது நாம் சமாதானமாகிவிட்டோமா என்பதை மட்டும் அல்ல, இந்த வழக்கை முடித்துவைத்தால் ஊருக்கும் சமூகத்துக்கும் ஏதாவது இழப்பு உண்டா என்பதையும்தான் என்று எனக்கு விளங்கியது இதைப் படித்தபோதுதான்.

மதுரை வழக்கறிஞர் எங்கள் வழக்குக் காகிதங்களை வாங்கியதும் முதலில் புரட்டியது குற்றப்பத்திரிகையை அல்ல, காயச் சான்றிதழை. சித்தப்பாவின் முன்கையில் ஏற்பட்டது சாதாரணக் காயம் என்று அரசு மருத்துவர் எழுதியிருந்தார். அடுத்து, எங்களில் யார் மீதாவது வேறு வழக்கு உண்டா, யாராவது தலைமறைவாக இருந்தோமா, சாட்சி விசாரணை தொடங்கிவிட்டதா என்று கேட்டார். காரணம் பின்னால் புரிந்தது. கொலை முயற்சிக்கான 307 போட்டிருந்தால், சமரசத்தை மட்டும் வைத்து ரத்து செய்யக் கூடாது, காயம் உடலின் எந்தப் பகுதியில் பட்டது, என்ன ஆயுதம் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும், எதிரிகளின் முன்நடத்தையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் 2019இல் மத்தியப் பிரதேச மாநிலம் எதிர் லட்சுமி நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எந்தக் கட்டத்தில் சமரசம் வருகிறது என்பதும் முக்கியம் என்று 2014ஆம் ஆண்டின் நரிந்தர் சிங் தீர்ப்பு சொல்கிறது: சம்பவம் நடந்த சூட்டிலோ, குற்றப்பத்திரிகை தாக்கலான அளவிலோ வந்தால் நீதிமன்றம் தாராளமாகப் பார்க்கும், சாட்சி விசாரணை முடியும் தறுவாயில் வந்தால் தயங்கும்.

வழக்கு இரண்டு என்பதால் மனுவும் இரண்டு. ஒவ்வொன்றிலும் எதிரிகள் மனுதாரர்கள். காவல் ஆய்வாளர் மூலம் அரசும் புகார்தாரரும் எதிர்மனுதாரர்கள். மனுவோடு இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு சமரச மனு வேண்டும். வழக்கறிஞர்கள் அதை ஜாயின்ட் மெமோ என்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து எழுத்தர் ஒருவர் தயாரித்துக் கொடுத்த வரைவில், 'தவறான தூண்டுதலால் பொய்யான புகார் கொடுத்துவிட்டேன்' என்று சித்தப்பா சொல்வதாக ஒரு வரி இருந்தது. மதுரை வழக்கறிஞர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பொய்ப் புகார் கொடுத்ததாக எழுதிக்கொடுத்தால் அவர் மீதே நடவடிக்கை வர இடமுண்டு, சமாதானமாவதற்குப் புகாரைப் பொய்யாக்க வேண்டியதில்லை என்றார். சண்டை நடந்தது, பெரியவர்கள் பேசிவைத்தார்கள், பாதைப் பத்திரம் பதிவாகிவிட்டது, வழக்கைத் தொடர விருப்பமில்லை என்ற நான்கு செய்திகளே புதிய மெமோவில் இருந்தன. இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். அந்தக் கைகலப்பில் கீழே தள்ளப்பட்டுச் சித்திக்கும் சிராய்ப்பு ஏற்பட்டிருந்தது. புகார் கொடுத்தவர் சித்தப்பாதான் என்றாலும், காயம்பட்ட எவரும் விடுபடக் கூடாது என்று சித்தியையும் கையெழுத்திட வைத்து, நேரிலும் வரச் சொன்னார். இதைக் கவனிக்காமல் போய், அடுத்த வாய்தாவுக்கு அவரையும் கூட்டிவா என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை அன்று நீதிமன்ற வராந்தாவிலேயே பார்த்தோம்.

உயர் நீதிமன்றக் கிளை ஒத்தக்கடைக்கு அருகே, யானைமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆதார் அட்டையின் அசலை எல்லோரும் கையில் வைத்திருந்தோம். எங்கள் காவல் நிலையத்திலிருந்து சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் வந்திருந்தார்; வந்திருப்பவர்கள் வழக்கில் உள்ள அதே ஆட்கள்தான் என்று அடையாளம் காட்டுவது அவர் பொறுப்பு. எங்கள் எண் கூப்பிட்டதும் வரிசையாக நின்றோம். நீதிபதி எங்களை விட்டுவிட்டு நேரே சித்தப்பாவிடம், 'கை இப்போது எப்படி இருக்கிறது?' என்று தமிழில் கேட்டார். அவர் சட்டைக் கையை மடக்கிக் காட்டப் போக, வேண்டாம் என்று சைகை செய்துவிட்டு, 'யாராவது மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்களா, பணம் ஏதும் கைமாறியதா?' என்று கேட்டார். 'இல்லீங்கய்யா, அண்ணன் தம்பிக்குள்ள பேசி முடிச்சுக்கிட்டோம்' என்றார் சித்தப்பா. சித்தியிடமும் தனியாக அதையே கேட்டார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் காயம் சாதாரணமானது என்பதையும், முன்வழக்கு இல்லை என்பதையும் பதிவு செய்தார். எல்லாம் சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தக் கேள்விகள் சடங்குக்காகக் கேட்கப்பட்டவை அல்ல. வலுத்தவன் இளைத்தவனிடம் ராஜி எழுதி வாங்குவது நம் ஊர்களில் நடக்காத ஒன்றல்ல. அதைத் தடுக்க நீதிமன்றத்திடம் இருப்பது அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. இவ்வளவு சிறிய வழக்குக்கு ஏன் இவ்வளவு தூரம் என்ற என் சலிப்பு, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அடங்கியது.

இரண்டு வழக்குகளும் ரத்தாயின. கூட்டு சமரச மனு ஆணையின் ஒரு பகுதியாக அமையும் என்றும், இரு தரப்பும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும் என்றும் ஆணையில் இருந்தது. பணம் கட்டிய ரசீதைத் தாக்கல் செய்தோம்.

இதன் பிறகு செய்ய வேண்டியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உயர் நீதிமன்றத்தில் ரத்தான செய்தி கீழமை நீதிமன்றத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று இருந்துவிட்டால், அடுத்த வாய்தாவில் ஆள் வரவில்லை என்று அங்கே பிடியாணை பிறப்பிக்க இடமாகிவிடும். ஆணையின் சான்றளிக்கப்பட்ட நகலை வாங்கி, நடுவர் நீதிமன்றத்தில் மெமோவோடு தாக்கல் செய்து, கோப்பு முடிக்கப்பட்டதை உறுதிசெய்துகொண்டோம். ஜாமீன்தாரர்கள் கொடுத்திருந்த ஆவணங்களைத் திரும்பப் பெற மனுப் போட்டோம். காவல் நிலையத்திலும் ஒரு நகலைக் கொடுத்து ஒப்புதல் பெற்றுக்கொண்டோம்.

ரத்து என்பது விடுதலைத் தீர்ப்பும் அல்ல, வழக்கே இருந்ததில்லை என்பதற்கான சான்றும் அல்ல. பட்டியலில் உள்ள குற்றத்தைக் கீழமை நீதிமன்றத்தில் ராஜி செய்துகொண்டால் அது விடுதலைக்குச் சமம் என்று 320(8) சொல்கிறது. உயர் நீதிமன்ற ரத்தில் நடவடிக்கைகள் நின்றுபோகின்றன, அவ்வளவே. அரசு வேலை விண்ணப்பத்தில் உங்கள் மீது வழக்கு இருந்ததுண்டா என்று கேட்டிருந்தால் உண்டு என்றே எழுத வேண்டும். மறைப்பது வழக்கைவிடப் பெரிய தடையாகிவிடும் என்று சித்தப்பாவின் இளைய மகனிடம் வழக்கறிஞர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அவனும் விண்ணப்பத்தில் வழக்கு எண்ணையும் ரத்து ஆணையின் தேதியையும் எழுதி, நகலை இணைத்தே அனுப்பியிருக்கிறான். காவல் துறைச் சரிபார்ப்பு இனிமேல்தான் நடக்க வேண்டும்.