லேடீஸுக்கான விடுப்பு

சென்ற ஆண்டு ஆகஸ்டில் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மனைவி இறந்த பிறகு, தில்லி ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் நானும் எட்டு வயது மகளும் மட்டுமே இருக்கிறோம். ஊரிலிருந்து யாரையும் வரவழைக்காமல், குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, அதாவது அலுவலகத்தில் எல்லாரும் சொல்லும் சிசிஎல், மூன்று வாரத்துக்குக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். நிர்வாகப் பிரிவு எழுத்தர் அதைப் படித்துவிட்டு, ‘யே தோ லேடீஸ் கே லியே ஹை’ என்று சொல்லி, தாளை மேசையில் என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அவர் சொன்னது ஒருகாலத்தில் சரிதான். மத்திய அரசு ஊழியர் விடுப்பு விதிகளில் 43-சி முதலில் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2018 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, திருமணமாகாத, மனைவியை இழந்த அல்லது மணமுறிவு பெற்ற ஆண் ஊழியரும், தம் முதல் இரண்டு குழந்தைகளுக்காக, அவர்களுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை, பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் இந்த விடுப்பை எடுக்கலாம். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 விழுக்காடு. ஓராண்டில் மூன்று தவணைகளில்தான் எடுக்க முடியும். தனியாக வாழும் தாய்க்கு அதே விதி ஆறு தவணை தருகிறது. காய்ச்சல் அடிக்கிற குழந்தைக்கு வீட்டில் இருப்பது தாயா தகப்பனா என்று எப்படித் தெரியும் என்பதை விதியை எழுதியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

விடுப்பை விடப் பெரிய கேள்வியை, மனைவியின் பதினாறாம் நாள் காரியத்தன்றே மாமனார் வீட்டார் எழுப்பினார்கள். பெண் குழந்தையை ஆண் தனியாக வளர்க்க முடியாது, திருச்சிக்கே அனுப்பிவிடுங்கள் என்றார்கள். பாசத்தில் சொன்னதுதான், ஆனாலும் அன்றிரவே சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டப்படி தந்தையே இயற்கைக் காப்பாளர். தாய் புற்றுநோயால் இறந்துபோக, தாய்வழி உறவினர் குழந்தையைத் திருப்பித் தர மறுத்த ஒரு வழக்கில், ஆட்கொணர்வு மனு போட்ட தந்தையிடமே குழந்தையை ஒப்படைக்கச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எனினும் தகப்பன் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தை கிடைத்துவிடாது. அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது.

இயற்கைக் காப்பாளர் என்றவுடன் எல்லாம் நம் கையில் என்று நினைத்துவிடக் கூடாது. என் மனைவி உயில் எழுதவில்லை. அவள் தன் சம்பாத்தியத்தில் தாம்பரத்தில் வாங்கிய மனையில் மகளுக்கும் எனக்கும் சம பங்கு. மகளின் பாதியை விற்க வேண்டுமானால் அதே காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவை. தரகர் ஒருவர், ‘அப்பா கையெழுத்தே போதும் சார்’ என்று அடித்துச் சொன்னார். அனுமதியில்லாமல் விற்றால், மகள் பின்னாளில் அந்த விற்பனையை ரத்துசெய்யக் கேட்கலாம்.

மணமுறிவு வழியே தனியானவர்களின் பாடு இன்னும் கடினம். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். குழந்தையைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரும் மனுவை, அது வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் போட வேண்டும் என்பதால், மனைவி குழந்தையுடன் கோயம்புத்தூரில் குடியேறிவிட, என் நண்பர் ஒருவர் தில்லிக்கும் கோயம்புத்தூருக்குமாக அலைகிறார். இலவச சட்ட உதவி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றிக் கிடைக்கும். ஆண்களுக்குப் பொதுவாக வரம்பு உண்டு. விசாரிக்க 15100 என்ற எண் இருக்கிறது.

என் கோப்புக்கு வருகிறேன். 2018 திருத்தத்தின் அச்சுப் பிரதியை இணைத்து மீண்டும் கொடுத்தேன். ‘அனுமதிக்கத்தக்கதா என்று தெளிவுபடுத்தலாம்’ என்ற குறிப்புடன் அது இரண்டு மேசை ஏறி இறங்கியது. அதற்குள் ஈட்டிய விடுப்பைப் போட்டு மகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, அவள் பள்ளிக்கும் போய்விட்டாள். பிறகு, ஈட்டிய விடுப்பைச் சிசிஎல்லாக மாற்றி ஆணை வந்தது. பழைய ஆணையைப் பிரதியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் போலும். என் பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீமதி’ என்று இருந்தது. திருத்தக் கேட்டால் கோப்பு மறுபடி மேலே ஏறும் என்பதால், அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன்.