தேர்ச்சி விகிதம் சொல்லாதவை: ஒரு மதிப்பீட்டுப் பொறுப்பாளரின் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்றுவிக்கும் எங்கள் கல்லூரியின் தரத்தைச் சரிபார்க்கும் அங்கீகாரக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய சுயமதிப்பீட்டு அறிக்கையில் 'மாணவர் அடைவும் பட்டதாரிகளின் நிலையும்' என்ற அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. கல்லூரி முதல்வருக்கு வேண்டியது ஒரே ஒரு எண்: தொழில் செய்ய உரிமம் தரும் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் எத்தனை சதவீதம்? "அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள் மேடம், மற்றதெல்லாம் இணைப்பில் இருக்கட்டும்" என்றார்.

எண் நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கும் எண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தேறுவாரா என்று ஐயம் தோன்றும் மாணவரை இறுதியாண்டிலேயே நிறுத்திவைத்து, உள்தேர்வைத் தாண்டினால்தான் உரிமத் தேர்வுக்கு அனுப்புவது பல இடங்களில் உள்ள வழக்கம். கற்பித்தல் கடுகளவும் மாறாமலே விகிதம் ஏறிவிடும். ஆகவே அதன் பக்கத்திலேயே இன்னும் நான்கு எண்கள் வரவேண்டும்: சேர்ந்தவர்கள், விலகியவர்கள், நிறுத்திவைக்கப்பட்டவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள். எதை எதால் வகுத்தோம் என்று சொல்லாத சதவீதத்தை நான் அச்சிடப் போவதில்லை.

பிப்ரவரி 6

அலுவலகப் பதிவேடு வந்தது. 'இடைநின்றவர்' என்ற ஒரே கட்டத்துக்குள் வேறு கல்லூரிக்கு மாறியவர், கட்டணம் கட்ட முடியாமல் போனவர், பாடத்தில் தோற்றவர், மகப்பேறு விடுப்பில் போய்த் திரும்பி வந்து படித்துக்கொண்டே இருப்பவர் என எல்லாரும் அடைபட்டுக் கிடக்கிறார்கள். பிரித்து எடுக்க வேண்டும். இன்று வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரி 11

இன்று ஆஸ்கி (OSCE). ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து 1975இல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவிய செயல்முறைத் தேர்வு. மணி அடித்ததும் மாணவர்கள் ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நகர்வார்கள். எல்லாருக்கும் அதே பணி, அதே நேரம். நல்ல தேர்வாளரிடம் மாட்டியவர் பிழைத்தார் என்ற பழைய அதிர்ஷ்டக் கணக்கை இது பெருமளவு குறைத்தது.

நான் உட்கார்ந்த நிலையத்தில் ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் பேசி ஒப்புதல் பெற வேண்டும். ஒரு மாணவி கை கழுவினாள், பெயர் கேட்டாள், ஒவ்வாமை உண்டா என்றாள், மருந்துச் சீட்டைச் சரிபார்த்தாள். எல்லாம் வரிசைப்படி. நோயாளியாக நடித்த பெண்மணி நடுவில், "போன தடவை ஊசி போட்டதும் மயங்கிவிட்டேன்" என்றார். மாணவி "சரிம்மா" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். என் கையிலிருந்த சரிபார்ப்புப் பட்டியலில் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களிலும் குறி விழுந்தது. மயக்கத்தைப் பற்றி விசாரித்தாளா என்பதற்குப் பட்டியலில் கட்டமே இல்லை.

மொத்த அபிப்பிராயத்தில் 'எல்லைக்கோடு', அதாவது தேர்ச்சிக்கும் தோல்விக்கும் நடுவே, என்று குறித்தேன். அதற்கு மேலே குறிக்கக் கை வரவில்லை.

பிப்ரவரி 12

அந்த மொத்த அபிப்பிராயம் வீண் போகாது. எங்கள் முறையில் ஒவ்வொரு நிலையத்திலும் பட்டியல் மதிப்பெண் ஒன்று, மொத்த அபிப்பிராயம் ஒன்று. எல்லா மாணவர்களின் இவ்விரண்டையும் வரைபடத்தில் இட்டு ஒரு நேர்கோடு பொருத்துகிறோம். 'எல்லைக்கோடு' என்ற இடத்தில் அந்தக் கோடு காட்டும் மதிப்பெண்தான் அந்த நிலையத்தின் தேர்ச்சி மதிப்பெண். எளிய நிலையத்தில் அது உயரும், கடினமான நிலையத்தில் இறங்கும். 'எதற்கும் ஐம்பது' என்ற பழைய விதியைவிட இது எவ்வளவோ மேல். நேற்றைய நிலையத்தில் கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது: அபிப்பிராயம் உயர்ந்தாலும் மதிப்பெண் உயரவில்லை. பட்டியலும் தேர்வாளர்களும் வெவ்வேறு விஷயங்களை அளந்திருக்கிறார்கள். பட்டியலைத் திருத்த வேண்டும்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் திறனை மதிப்பிட 1990இல் வரைந்த பிரமிடில் நான்கு படிகள்: அறிவார், எப்படி என்று அறிவார், செய்து காட்டுவார், செய்கிறார். ஆஸ்கி எவ்வளவு நன்றாக நடந்தாலும் மூன்றாம் படியோடு நின்றுவிடும். நான்காவதற்கு வார்டுக்குப் போக வேண்டும். வார்டிலிருந்து வந்த நேரடி உற்று நோக்கல் படிவங்களைப் புரட்டினேன். எல்லாரும் 'எதிர்பார்ப்புக்கு மேல்'! எல்லாருமே மேல் என்றால் எதிர்பார்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. மேற்பார்வையாளர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஷிஃப்ட் முடிந்து களைத்து நிற்கும்போது படிவம் நீட்டப்படுகிறது. குறைத்துப் போட்டால் காரணம் எழுத வேண்டும், மேல்முறையீடு வந்தால் பதில் சொல்ல வேண்டும். உயர்த்திப் போட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பிப்ரவரி 19

படிக்கும்போது தெரிந்தது பின்னால் வேலையில் தெரியுமா? சில ஆய்வுகள் உறுதியான பதில் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் மேக்சின் பாபடாக்கிஸ் குழு 2005இல் வெளியிட்டது: மருத்துவ வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 மருத்துவர்களையும் அப்படி ஆளாகாத 469 பேரையும் ஒப்பிட்டார்கள். நடவடிக்கைக்கு ஆளானவர்களின் மாணவப் பருவக் கோப்புகளில் தொழில்நெறிக்குப் புறம்பான நடத்தை பற்றிய குறிப்பு இருந்ததற்கான வாய்ப்பு விகிதம் மூன்று மடங்கு. குறிப்பாகப் பொறுப்பின்மையும், சொன்னாலும் திருத்திக்கொள்ளாத குணமும். கனடாவில் ராபின் டாம்ப்ளின் குழு 2007இல் காட்டியது: உரிமத் தேர்வின் செயல்முறைப் பகுதியில் தொடர்பாடல் மதிப்பெண் குறைந்தவர்கள் மீது பின்னாளில் புகார்கள் அதிகம். "சரிம்மா" என்று கடந்துபோன மாணவி நினைவுக்கு வந்தாள்.

இதைத் தலைகீழாகப் படித்துவிடவும் கூடாது. கோப்பில் குறிப்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நடவடிக்கைக்கும் ஆளாவதில்லை. முத்திரை குத்த இது ஆதாரமாகாது. கூப்பிட்டுப் பேசவும் உதவவும் ஆதாரமாகும்.

அமெரிக்காவில் டேவிட் ஆஷ் குழு 2009இல் இன்னும் தூரம் போனது. 107 மகப்பேறு மருத்துவப் பயிற்சித் திட்டங்கள், ஏறத்தாழ 49 லட்சம் பிரசவங்கள். திட்டங்களை, அங்கே பயின்றவர்களின் சிக்கல் விகித வரிசைப்படி ஐந்தாகப் பிரித்தபோது, கடைசிப் பிரிவில் பயின்றவர்களிடம் தாய்க்குப் பெரும் சிக்கல் நேர்ந்தது 13.6 சதவீதம், முதல் பிரிவில் 10.3. உரிமத் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி மறையவில்லை. பயிற்றுவித்த இடத்தின் தடம் கையில் இருக்கிறது. எங்களைப் போன்ற ஒரு கல்லூரியின் தரவு இதற்குப் போதாது என்பது வேறு விஷயம். நோயாளி குணமாவதில் குழுவுக்கும் படுக்கை எண்ணிக்கைக்கும் பங்கு உண்டு.

பிப்ரவரி 24

பட்டதாரிகள் கருத்துக்கணிப்பு. பதில் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் வேலை கிடைத்தவர்கள். கிடைக்காதவர் கல்லூரிக் கடிதத்தைப் பிரிப்பாரா? வேலை கொடுத்தவர்களைக் கேட்டால் 'திருப்தி' என்று ஒற்றைச் சொல். எனவே இன்று தொலைபேசியை எடுத்தேன். ஒரு பழைய மாணவி சொன்னாள்: "மருந்துக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் மேடம். ஷிஃப்ட் மாறும்போது என் நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பதுதான் முதல் மாதம் முழுக்க என்னை அழவைத்தது. யாருக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுவேன், இரவில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை விட்டுவிடுவேன்." நாங்கள் அதைத் தேர்வில் வைத்ததே இல்லை. திருப்தி அளவுகோல் எதிலும் இது சிக்கியிருக்காது.

மார்ச் 3

கூட்டம். ஒப்படைப்புக்குத் தனி நிலையம் வேண்டும் என்றேன். செலவு பற்றிப் பேச்சு எழுந்தது. நியாயமான கேள்விதான். மதிப்பீட்டு ஆய்வாளர் வான் டெர் வ்லூட்டன் 1996இல் மதிப்பீட்டின் பயனை ஒரு பெருக்கலாகச் சொன்னார்: நம்பகத்தன்மை, ஏற்புடைமை (அளக்க நினைத்ததையே அளப்பது), கற்றலில் விளையும் தாக்கம், சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புவது, செலவு கட்டுப்படியாவது. பெருக்கல் என்பதால் ஏதாவது ஒன்று பூஜ்யமானாலும் மொத்தமும் பூஜ்யம். தாக்கத்தை வைத்து வாதாடினேன்: தேர்வில் வராததை இறுதியாண்டு மாணவர்கள் படிப்பதில்லை. பட்டியலைத் திருத்திய ஊசி நிலையத்தையும் புதிய ஒப்படைப்பு நிலையத்தையும் அடுத்த தேர்வில் சேர்ப்பதென்று முடிவாயிற்று.

தேர்ச்சி விகிதம் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், என் நான்கு எண்களும் நிற்கின்றன. எழுத்தின் அளவுக்காக மட்டும் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. வார்டுப் படிவத்தில் 'மேல், கீழ்' என்ற கட்டங்களை எடுத்துவிட்டு, 'எவ்வளவு மேற்பார்வையுடன் இந்தப் பணியை இவரிடம் விடுவீர்கள்?' என்று கேட்கும் வரைவை நாளை இரண்டு வார்டுகளுக்கு அனுப்புகிறேன்.