தேவனாம்பட்டினத்து கருமணல்

ஐப்பசி கார்த்திகைல கடல் நல்லா அடிச்சு ஓய்ஞ்சதும் நம்ம கடலூர் சில்வர் பீச்ல பாருங்க, அலை ஏறி இறங்குற எடத்துல கருப்பும் செவப்புமா கோடு கோடா மணல் படிஞ்சிருக்கும், செவப்பு கார்னெட்ங்கற தாது, கருப்பு பெரும்பாலும் இல்மனைட், டைட்டானியம் இருக்குற தாது. சாதா மணலோட அடர்த்தி 2.65, கார்னெட் கிட்டத்தட்ட 4, அதான் லேசானத அலை இழுத்துட்டு போயிடுது கனமானது தங்கிடுது. தாது பிரிக்கிற ப்ளாண்ட்லயும் இதே வேலைதான், மொதல்ல ஸ்பைரல்ங்கற சுருள் வாய்க்கால்ல தண்ணியோட சுத்த விட்டு கனமானத பிரிப்பாங்க, அப்புறம் காந்தம், இல்மனைட் சட்டுனு ஒட்டும், கார்னெட்டுக்கு பவர் ஜாஸ்தி வேணும், கூட வர்ற ரூட்டைல், சிர்கான் தாதுங்க ஒட்டாது. மோனசைட்ங்கற தாதுவும் கலந்து வரும், அதுல கதிர்வீச்சு உள்ள தோரியம் இருக்கு, அதனால கணக்கு வழக்கு ரொம்ப சுத்தமா இருக்கணும்.

இங்க இந்த மணல் அள்ளுற ப்ராஜெக்ட் வந்தா வேலை கிடைக்கும்னு சொல்ற பசங்கள நான் தப்பு சொல்லல. தண்ணிய வேகமா பீச்சி வெட்டுற வாட்டர்ஜெட்ல இரும்பு வெட்டவே கார்னெட் வேணும். ஆனா 2004 சுனாமில இந்த ஊரு பட்ட பாடு நமக்கு தெரியும், மணல்மேட்ட தோண்டிட்டா அடுத்த தடவ அலைக்கு குறுக்க என்ன நிக்கும்? 2013ல தென்மாவட்டத்துல தாது மணல் அள்ள அரசு தடையே போட்டுச்சு. யார் வந்தாலும் மொதல்ல குப்பத்து ஜனங்கள உக்கார வச்சு பேசணும், தோண்டுன எடத்த எத வச்சு ரொப்புவீங்கன்னு எழுதி வாங்கணும்.