ஐம்பத்தோரு எண்களும் நான்கு நாட்களும்

2016ஆம் ஆண்டு மே மாத இறுதியில், சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளி வாசலில் என் புகைப்படத்துடன் ஒரு ஃபிளெக்ஸ் பலகை வைத்தார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் சென்டம் எடுத்திருந்தேன். விசைத்தறிக் கூடத்தில் இரவு வேலை முடித்துத் திரும்பும் அப்பா, அந்தப் பலகைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். அம்மா பின்னாளில் சொன்னார். கணக்கு எனக்கு வரும் என்பதில் அதுவரை வீட்டிலும் தெருவிலும் ஒருவருக்கும் ஐயம் இருந்ததில்லை, எனக்கும் இருந்ததில்லை.

பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் மதுரையில் நடந்த பத்து நாள் கணித முகாமுக்குப் போனேன். முதல் நாள் மாலை வட்டமாக உட்காரவைத்து அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். ஒருவன் பள்ளி மாணவர்களுக்கான கணிதப் போட்டியான ஒலிம்பியாட்டில் மண்டல அளவில் இரண்டு முறை தேறியவன். அவனுக்கு அடுத்தவள் தேசியக் கணிதத் திறன் போட்டியில் ஏழு, எட்டாம் வகுப்பினருக்கான காப்ரேகர் நிலையிலிருந்து ஒவ்வொரு நிலையாகப் பரிசு வாங்கி வந்தவள். இன்னொருவன் தேசிய ஒலிம்பியாட் வரை போனவன். அப்போது ஆறு கணக்குகளுக்கு நான்கு மணி நேரம் தந்த தேர்வு அது. என் முறை வந்தபோது, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் அன்பாகவே தலையாட்டினார்கள். ஆனால் அந்தத் தலையாட்டலில் இருந்த பரிவை நான் உணர்ந்துவிட்டேன். அன்றிரவு விடுதிப் பாயில் படுத்துக்கொண்டு, மறுநாள் காலை ஊருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னை கணிதவியல் நிறுவனம் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டதும் அந்த முகாமில்தான். கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரியின் முயற்சியில் 1989இல் தொடங்கி, இப்போது சிறுசேரியில் இயங்கும் அந்த நிறுவனத்தில், கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த இளங்கலைப் படிப்பு 1998 முதல் நடக்கிறது. ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான் சேர முடியும். தேசிய ஒலிம்பியாட்டில் தேறியவர்களுக்கு நேரடியாகவே இடம் கிடைக்க வழியுண்டு. மற்றவர்களுக்கு மே மாதத்தில் எழுத்துத் தேர்வு. முகாமில் பாதிப்பேருக்கு அந்த இடத்தைப் பற்றி எட்டாம் வகுப்பிலேயே தெரிந்திருந்தது.

தகுதியின்மை என்ற உணர்வு பொதுவான ஒரு மேகமாக வருவதில்லை. எனக்கு அது மிகத் துல்லியமான சின்னச் சின்ன இடங்களில் வந்தது. நான் தமிழ்வழியில் படித்தவள். பகா எண், மீப்பெரு பொது வகுத்தி, வகைக்கெழு என்று என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சொற்களை, அவர்கள் ஆங்கிலத்தில் பேசும் வேகத்துக்கு மாற்றிப் பிடிப்பதற்குள் பேச்சு அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். கேள்வி கேட்டால் சொல் தெரியாததால் கேட்கிறேனா, கணக்கு தெரியாததால் கேட்கிறேனா என்று அவர்களுக்குப் புரியாது என்று அஞ்சி, மூன்றாம் நாளிலிருந்து கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

அதைவிடப் பெரிய இடைவெளி இன்னொன்று. அன்றைய பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வு 200 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினாக்களைப் பெற்றோர் ஆசிரியர் கழகப் புத்தகத்தைப் பார்த்து உருப்போடுவோம். பத்து மதிப்பெண் வினாக்கள் எந்தெந்தப் பாடத்திலிருந்து எத்தனை வரும் என்பதும் தெரியும். எப்படித் தொடங்குவது என்றே தெரியாத ஒரு கணக்கின் முன் நான் அதுவரை ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவர்களுக்கோ அதுவே ஐந்தாண்டுப் பழக்கம்.

முகாம் முடிந்ததும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு கணக்கு வரும். நான் படித்து முடிப்பதற்குள் இரண்டு தீர்வுகள் வந்துவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் நான் செய்ததெல்லாம் அந்தத் தீர்வுகளை அழகான கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவைத்ததுதான். புரிகிறது என்று நம்பிக்கொண்டேன். அந்த மூன்று மாதங்களை வெட்கத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்பதில் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

செப்டம்பரில் ஒரு கணக்கு வந்தது. 1 முதல் 100 வரையுள்ள எண்களில் எந்த 51ஐத் தேர்ந்தெடுத்தாலும், அவற்றுள் ஒன்று மற்றொன்றை மீதியின்றி வகுக்கும் என்று நிறுவ வேண்டும். அன்று தற்செயலாகக் கைப்பேசியில் சார்ஜ் இல்லாததால் தீர்வைப் பார்க்க முடியவில்லை. வேறு வழியின்றி நானே உட்கார்ந்தேன். 1 முதல் 6 வரை எடுத்து நான்கு எண்களைத் தேர்ந்து பார்த்தேன். பிறகு 10 வரை எடுத்து ஆறு எண்கள். மறுநாள் கைப்பேசியைத் திறந்தபோதும் அந்தக் குழுவை மட்டும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் 3, 6, 12, 24 என்று இரட்டித்துக்கொண்டே போகும் சங்கிலிகளை எழுதிப் பார்த்தேன். ஒரே சங்கிலியில் இரண்டு எண்கள் சிக்கினால் போதும், சிறியது பெரியதை வகுத்துவிடும். நான்காம் நாள் காலை, குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றபோது, சங்கிலி ஒவ்வொன்றும் ஒற்றை எண்ணில்தான் தொடங்குகிறது என்பதும், நூறுக்குள் ஒற்றை எண்கள் ஐம்பதுதான் என்பதும் ஒன்றாகச் சேர்ந்து விளங்கின. ஐம்பது சங்கிலிகள், ஐம்பத்தோரு எண்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து குழுவைத் திறந்தால், கணக்கு வந்த அதே நிமிடத்தில் தீர்வு போடப்பட்டிருந்தது. போட்டவனிடம், எப்படி இவ்வளவு விரைவாகக் கண்டுபிடித்தாய் என்று அன்றுதான் முதல்முறையாகத் தனியாகக் கேட்டேன். அவன் எந்தப் பெருமையும் இன்றி, "இது எட்டாம் வகுப்பிலேயே பார்த்ததுதான். புறாக்கூண்டுக் கொள்கையில் முதலில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு" என்று பதில் எழுதினான். கூண்டுகளைவிடப் புறாக்கள் ஒன்று கூடினாலும் ஏதோ ஒரு கூண்டில் இரண்டாவது இருந்தாக வேண்டும் என்பதே அந்தக் கொள்கை. நான் அதுவரை அளந்துகொண்டிருந்தது இரண்டு வெவ்வேறு பொருள்களை என்று அப்போது தெரிந்தது. அவன் நினைவுகூர்ந்தான், நான் கண்டுபிடித்தேன். இதனால் நான் அவனைவிட மேல் என்று ஆகிவிடாது. ஆனால் எங்களுக்கிடையே இருந்த தூரத்தில் ஒரு பெரும்பகுதி காலத்தால் ஆனது, அந்தக் காலத்தை நானும் செலவிட முடியும் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் தீர்வைக் கண்டுபிடிப்பது வேறு, எழுதுவது வேறு. என் கணக்கு ஆசிரியரிடம் நோட்டைக் கொண்டுபோனேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இந்த மாதிரிக் கணக்கெல்லாம் நான் போட்டதில்லைம்மா. ஆனா நீ எழுதினதைப் படிச்சுப் பார்க்கேன். எங்க எனக்கு விளங்கலையோ அங்க கோடு போட்டுத் தாரேன்." அதற்குப் பிறகு எட்டு மாதம், வாரத்துக்கு இரண்டு தீர்வுகளை அவரிடம் கொடுத்தேன். பென்சிலால் மெல்லிய கோடு போட்டுத் திருப்பித் தருவார். கோடு விழுந்த இடத்தைத் திரும்பப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே நான் எதையோ நிறுவாமல் தாண்டியிருப்பேன். ஒலிம்பியாட் பயிற்சி எங்கள் ஊரில் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, தனக்குத் தெரியாது என்று சொல்லத் தயங்காத ஒருவரின் வாசிப்பே பயிற்சியாக அமைந்தது.

குழுவிலும் எழுதத் தொடங்கினேன், தவறான தீர்வுகளையும் சேர்த்து. ஆங்கிலத்தில் சொல் வராத இடத்தில் தமிழிலேயே எழுதினேன். திருத்தியவர்கள் இருந்தார்கள், கண்டுகொள்ளாதவர்களும் இருந்தார்கள்.

2018 மே மாதத் தேர்வுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனேன். தாம்பரத்தில் சித்தி வீடு இருந்தது. தேர்வில் இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் விடையை மட்டும் தந்தால் போதும். அதில் குறிப்பிட்ட அளவு மதிப்பெண் இருந்தால்தான், முழு நிறுவல் எழுத வேண்டிய இரண்டாம் பகுதியைத் திருத்துவார்கள். அரங்கத்துக்கு வெளியே முகாமில் பார்த்த முகங்கள் மூன்று இருந்தன. கடைசி நேரத்தில் ஏதோ ஒரு சமனின்மைக் கணக்கைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றைப் பிசைந்தது. ஓராண்டில் அந்த உணர்வு போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன், போகவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டேன். இரண்டாம் பகுதியில் எல்லாவற்றையும் தொட முயலாமல், மூன்று கணக்குகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வரியையும் என் ஆசிரியர் படிப்பதாக எண்ணி எழுதினேன். இரண்டு முழுமையாக முடிந்தன. மூன்றாவதில் எதுவரை நிறுவியிருக்கிறேன், எதை நிறுவவில்லை என்பதை வெளிப்படையாக எழுதிவிட்டு வந்தேன். அதே மாதத்தில் எழுதிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத் தேர்வில் நான் தேறவில்லை. சிறுசேரியில் இடம் கிடைத்தது.

அந்தப் புறாக்கூண்டுக் கணக்கின் தோழனும் என் வகுப்பில்தான் சேர்ந்தான், தேசிய ஒலிம்பியாட் வழியாக. முதல் பருவத்தில் இயற்கணித வகுப்பில் எங்கள் இருவருக்குமே புதிதான கணக்குகள் வந்தன. அவற்றிலும் அவன் என்னைவிட விரைவானவன்தான். முன்பே பார்த்திருக்கிறான் என்ற விளக்கம் அங்கே செல்லவில்லை. சில நாட்கள் பழைய பாரம் திரும்பவும் வந்து உட்கார்ந்தது. ஆனால் மதுரையில் செய்ததை இங்கே செய்யவில்லை. அவன் மேசைக்குப் போய், இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவது வரிக்கு எப்படி வந்தாய் என்று கேட்டேன். சில நேரம் உடனே சொன்னான். சில நேரம் நெடுநேரம் யோசித்தான்.

அந்த டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, முதல் பருவப் பயிற்சித்தாள் ஒன்றை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணிதத்தில் லிமிட் எனப்படும் எல்லைகள் பற்றியது, ஆங்கிலத்தில் எழுதியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அரைமணி நேரம் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, இரண்டாம் பக்கத்தில் ஒரு வரிக்கும் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகளுக்கும் கீழே கோடு போட்டுத் தந்தார்.