கார்லைல் சந்தையில் ஒரு பழைய 350

வாடகை வேன் நிறுவனம் நேற்று மாலை அனுப்பிய ரசீதில், 'தரையைச் சுத்தம் செய்த கூலி 75 டாலர்' என்று ஒரு வரி இருந்தது. வேனை எடுக்கும்போதே அந்தத் தரையில் எண்ணெய்க் கறை இருந்தது; அதைப் படம் எடுத்து வைக்காதது எங்கள் தவறு. இந்த எரிச்சல் அடங்குவதற்குள், பென்சில்வேனியாவின் கார்லைல் ஊருக்குப் போய் மசில் கார் என்னும் பழைய அமெரிக்கப் பெருவலிமைக் கார்களுக்கான எஞ்சின் ஒன்றை விலைபேசி வாங்கி வந்த கதையை எழுதிவிடுகிறேன்.

தங்கையின் கணவர் 1970ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவெல் கார் ஒன்றை மலிவாக வாங்கியிருந்தார். ஏதோ ஒரு குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் நின்ற தண்ணீர் உறைந்து, சிலிண்டர்கள் அடங்கிய இரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில் விரிசல் கண்டிருந்ததுதான் மலிவுக்குக் காரணம். "மச்சான், ஒரு 350 கிடைத்தால் போதும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை" என்று, 350 கன அங்குலக் கொள்ளளவுள்ள ஷெவர்லே எஞ்சினை அவர் கேட்டபோது, கார்லைலில் ஏப்ரல் மாதம் நடக்கும் பழைய கார் உதிரிபாகச் சந்தை நினைவுக்கு வந்தது. நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து 78ஆம், 81ஆம் நெடுஞ்சாலைகளில் மூன்று மணி நேரம். வேனுக்கு மைலுக்கு 79 சென்ட்; போக வர 330 மைல் என்றால் 260 டாலர் அதிலேயே போயிற்று. அறுபது மைல் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் கைக்குள் நடுங்கியது, சாமான்களைக் கட்ட உள்ளே ஒரு வளையம்கூட இல்லை. சந்தை வாரத்தில் விடுதிக்காரர்கள் வாடகையை ஏற்றிவிடுவார்கள் என்பதால், இரவு தங்காமல் விடியற்காலையில் புளிசாதத்தோடு கிளம்பினோம்.

1974 முதல் பழைய கார்ச் சந்தைகள் நடக்கும் கார்லைல் மைதானத்தில், மழை பெய்த புல்தரையில் வரிசை வரிசையாகக் கடைகள். பழைய டயர்களின் மேலும் மரச் சட்டங்களின் மேலும் எஞ்சின்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஓடாவிட்டாலும் பிரித்து வேலை செய்யத் தகுந்த எஞ்சினை இங்கே 'கோர்' என்கிறார்கள். அதன் நியாய விலையை விற்பவர் வாயிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது, வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் ஒரு 350ஐ முழுதாகப் பிரித்து, போர் போட்டு (அதாவது சிலிண்டர்களைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி), புதிய பிஸ்டன், பேரிங் எல்லாம் மாற்றிக் கோக்க 2,800 டாலர் ஆகும் என்றிருந்தார். பெட்டியில் வரும் புத்தம் புதிய 350க்கு எங்களுக்குச் சொன்ன விலை ஐயாயிரத்தை ஒட்டியது, அதுவும் உத்தரவாதத்தோடு. ஆகவே எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாத பழைய எஞ்சினுக்கு ஆயிரம் டாலர் கேட்பவரிடம் நின்று பேசுவதே வீண் என்பது என் கட்சி. நானூறு, மிஞ்சினால் ஐந்நூறு என்று முடிவுசெய்தோம்.

முதல் வரிசையிலேயே நான்கு பேர், 'கழற்றும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது' என்ற ஒரே வாசகத்தைச் சொன்னார்கள். ஸ்பார்க் பிளக் துளைகள் திறந்தபடி எத்தனை மழைக்காலத்தைப் பார்த்த எஞ்சினோ, அந்தச் சான்றிதழுக்கு ஒரு சல்லிக் காசு தரலாகாது. முன்பக்கப் போல்ட்டில் நீண்ட கைப்பிடியுள்ள ரெஞ்சைப் போட்டு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டோம். இருவர் சம்மதித்தார்கள், ஒன்று அசையவே இல்லை. மற்ற இருவருக்கும் திடீரென்று வேறு வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள்.

அடுத்த வரிசையில் 450 டாலருக்கு, ஆரஞ்சு வண்ணம் புதிதாக அடித்த '350' ஒன்று மாப்பிள்ளையை மயக்கியது. ஷெவர்லேயின் 305ம் 350ம் வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பிகள். இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 3.48 அங்குலமே. சிலிண்டர் விட்டந்தான் வேறு: 350க்கு 4 அங்குலம், 305க்கு 3.736. சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட் பூட்டியிருந்ததால் அளவெடுக்க வழியில்லாமல், பின்புறம் கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் இருந்த வார்ப்பு எண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தோம். வண்ணத்துக்கு அடியிலிருந்து வெளிப்பட்டது 305இன் எண். காட்டியபோது விற்பவர் வெட்கப்படவில்லை, 300க்குத் தருகிறேன் என்றார். சும்மா கொடுத்தாலும் ஷெவெலுக்கு அது வேண்டாம்.

மதியம் குளிர் எலும்பைத் தொட்டபோது ஒரு கூடாரத்தில் கோழியும் சோளமும் சேர்த்த சூப் கிடைத்தது. பென்சில்வேனியாவின் ஜெர்மானிய வம்சத்தார் செய்யும் முறைப்படி, மாவும் முட்டையும் பிசைந்து உதிர்த்த சிறு உருண்டைகள் அதில் மிதந்தன. நம் ஊர்ப் பால் கொழுக்கட்டையின் உப்புப் போட்ட தங்கை என்று தோன்றியது. ஒரு கிண்ணம் 7 டாலர், நான் இரண்டு குடித்தேன். அன்றைக்கு ஏமாற்றம் இல்லாமல் செலவழிந்த ஒரே பணம் அதுதான்.

மற்ற விலைகளையும் குறித்து வைத்தேன். கிரைஸ்லர் 440 இரண்டுக்கு 1,200, 1,500. போன்டியாக் 455 ஒன்றுக்கு 1,800. இவை இனி வார்க்கப்படப் போவதில்லை, தேடுபவர்களும் விடாப்பிடிக்காரர்கள் என்பதால் இந்த விலைகளைக் கொள்ளை என்று சொல்லமாட்டேன். ஆனால் 1969ஆம் ஆண்டு இசட்/28 கமேரோவின் 302 எஞ்சினுக்குரிய 'டிஇசட்' குறியீடு பொறித்த பிளாக் ஒன்றுக்கு ஐயாயிரம் கேட்டவர்மீது எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. தொழிற்சாலையில் குறியீடு பொறிக்கும் முகப்பை இழைத்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் எழுத்துகளைச் சுற்றித் தெரிய வேண்டும். இதிலோ கண்ணாடிபோல வழவழப்பு. யாரோ தேய்த்துவிட்டுப் புதிதாகப் பொறித்திருக்கிறார் என்றே எங்களுக்குப் பட்டது.

மூன்று மணிக்குமேல், கடைகளைக் கட்டத் தொடங்கிய நேரத்தில், ஒரு முதியவரிடம் ஹெட்டும், அடியிலுள்ள எண்ணெய்த் தட்டான ஆயில் பேனும் கழற்றிவைத்த ஒரு 350ஐக் கண்டோம். ஒளிக்க ஏதுமில்லாதவர்தான் இப்படித் திறந்து வைப்பார். வார்ப்பு எண் 3970010. வார்ப்புத் தேதி 'சி 16 1', அதாவது மார்ச் 16, 1971. அந்த எண்ணில் இரண்டு போல்ட் பிளாக்கும் உண்டு, உறுதியான நான்கு போல்ட் பிளாக்கும் உண்டு. அடியைத் திறக்காமல் எதுவென்று சொல்லமுடியாது. குனிந்து பார்த்தோம்: கிராங்கைத் தாங்கும் ஐந்து மூடிகளில் நடு மூன்றுக்கும் நான்கு நான்கு போல்ட்டுகள். பிஸ்டன் தலையில் '030' போன்ற எண் எதுவும் இல்லை, முன்பே போர் போட்டதல்ல என்பதற்கு நல்ல அறிகுறி. சிலிண்டரின் மேல் விளிம்பில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு வரம்பு. அளந்தபோது தேய்மானம் 0.004 அங்குலம். 0.030 போர் போட்டால் தீர்ந்துவிடும். ஏற்கெனவே 0.060 வரை போட்ட பிளாக் என்றால், எனக்கு அது எடைக்குப் போடும் இரும்பு.

அவர் 600 கேட்டார். ஹெட் இல்லாத குறையைச் சொன்னோம், அரை மணி நேரம் அவருடைய பழைய ஷெவர்லே நோவா காரின் கதையைக் கேட்டோம், கடைசியில் 425க்குத் தந்தார். பேரன் கையால் தள்ளும் கிரேனில் தூக்கி வேனில் இறக்கினான். கட்ட வளையமில்லாததால் இரண்டு டயர்களுக்கு நடுவே செருகி, மாப்பிள்ளை பின்னாலேயே உட்கார்ந்து காவலிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் குரல் முன்னால் கேட்டது.

ஞாயிறு இரவு கிராங்கைக் கழற்றினோம். மூன்றாவது பேரிங் உட்காரும் இடத்தில் சுற்றிலும் ஒரு கீறல், விரல் நுனி வைத்தால் தட்டுப்படுகிறது, 0.010 அங்குலம் கடைந்தாக வேண்டும். பட்டறைக்காரர் அதற்குத் தனியாக 175 டாலர் என்கிறார். 425உடன் கூட்டினால், பெரியவர் முதலில் கேட்ட அதே 600.